கெட்டில் கிரில்லில் துளை போடுவது எப்படி? எனாமல் உதிராமல் தெர்மாமீட்டரும் புரோப் வழியும் பொருத்த ஒரு முழு வழிகாட்டி

உருண்டைச் சட்டியும் மூடியும் கொண்ட கரி அடுப்பான கெட்டில் கிரில்லில் கொஞ்ச நாள் சமைத்துப் பழகியவர்களுக்கு ஆசைகள் ஒவ்வொன்றாக வரும். மூடியில் நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும். உள்ளே வைத்துச் சூட்டை அளக்கும் புரோப்பின் ஒயர் மூடிக்கு அடியில் நசுங்காமல் உள்ளே போக ஒரு வழி வேண்டும். மூடியைக் கழற்றித் தரையில் வைக்காமல் திறந்து மூட ஒரு கீல் வேண்டும். எல்லாவற்றுக்கும் துளை போட்டாக வேண்டும். டிரில் மெஷினைக் கையில் எடுக்கும்போதுதான், பளபளவென்று இருக்கும் அந்தக் கறுப்புப் பூச்சு பெயர்ந்துவிடுமோ என்ற பயம் வரும்.

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பூச்சு எதனால் ஆனது, எந்த நொடியில் உதிர்கிறது என்று தெரிந்துகொண்டால் சுத்தமான துளை போடலாம். சாதாரண வீட்டு டிரில் மெஷினே போதும்.

முதலில், அந்தப் பூச்சு என்ன?

1952இல் சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸ் என்ற தகரப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், நீரில் மிதக்கவிடும் உலோக மிதவையை இரண்டாக வெட்டி, கீழ்ப் பாதியைச் சட்டியாகவும் மேல் பாதியை மூடியாகவும் ஆக்கினார். இன்று உலகம் முழுக்க விற்கும் கெட்டில் கிரில்லின் வடிவம் அங்கிருந்து வந்தது. உடம்பு மெல்லிய எஃகுத் தகடு. அதன்மேல் இருப்பது பெயின்ட் இல்லை, கண்ணாடி. பொடித்த கண்ணாடியைத் தகட்டின் மேல் பூசி, 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூளையில் சுட்டு உருக்கி ஒட்ட வைக்கிறார்கள். நம் பாட்டி வீட்டு எனாமல் தட்டில் இருப்பதும் இதே பூச்சுதான். அந்தத் தட்டு கீழே விழுந்தால் விளிம்பில் சில்லு பெயர்ந்து உள்ளே கறுப்பாகத் தெரியுமே, கிரில்லிலும் அதேதான் நடக்கும்.

கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. சூளையிலிருந்து ஆறும்போது எஃகு கண்ணாடியைவிடச் சற்று அதிகம் சுருங்குவதால் பூச்சு எப்போதும் லேசான அழுத்தத்திலேயே இருக்கிறது. அதன் பலமே அதுதான். தகடு எங்காவது வெளிப்பக்கமாகப் புடைத்தால், அந்த இடத்துப் பூச்சு இழுப்புக்கு ஆளாகித் தெறித்துவிடும். டிரில் பிட் உள்ளே நுழையும் பக்கத்தைவிட வெளியேறும் பக்கம் அதிகம் உதிர்வதற்குக் காரணம் இதுதான். நாம் செய்யப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: கண்ணாடியைக் கண்ணாடியாக வெட்ட வேண்டும், எஃகை எஃகாக வெட்ட வேண்டும், தகட்டைப் புடைக்கவிடக் கூடாது.

துளை போட்டே ஆக வேண்டுமா?

இதைக் கேட்டுக்கொள்ளாமல் டிரில்லைத் தொட வேண்டாம். மூடியின் மேல் இருக்கும் காற்றுத் துவாரத்தின் வழியாகவே நீளத் தண்டு தெர்மாமீட்டரை இறக்கி உள்வெப்பத்தைப் பார்க்கலாம். புரோப் ஒயரையும் அதே வழியாக விடலாம். பக்கவாட்டுத் தட்டுகளில் பல, சட்டியின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் வகையிலேயே கிடைக்கின்றன.

என்னைக் கேட்டால், துளைக்கு மிகச் சரியான இடம் கெட்டிலே இல்லை. இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுழற்றிச் சுடுவதற்காகச் சட்டிக்கும் மூடிக்கும் இடையில் உட்காரும் ரொட்டிசெரி வளையம் ஒன்று வைத்திருந்தால், அதில் எத்தனை துளை வேண்டுமானாலும் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் வளையமாக இருந்தால் பூச்சும் இல்லை, துருவும் இல்லை, பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிடலாம். புரோப் வழி, தெர்மாமீட்டர், கீல் மூன்றையும் அந்த வளையத்திலேயே பொருத்திக்கொள்ள முடியும். விறகுக் கரியில் நீண்ட நேரம் மெதுவாக வேகவைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த வளையம் வேறு வகையிலும் உதவும், உயரம் கூடுகிறது.

துளை போடவே கூடாத கிரில்களும் உண்டு. பழைய வண்ண கெட்டில்களை அமெரிக்காவில் தேடித் தேடிச் சேகரிக்கிறார்கள். துளை போட்ட பிறகு அதற்குப் பழைய மதிப்பு கிடைக்காது. தாத்தா காலத்துக் கிரில் ஒன்று பழைய சாமான் விற்பனையில் சல்லிசாகக் கிடைத்தாலும், அதன் வயதைக் கண்டுபிடித்த பிறகு முடிவெடுங்கள். முட்டை வடிவக் கமாடோ வகை அடுப்புகள் பெரும்பாலும் பீங்கானால் ஆனவை. இந்த வழிகாட்டி அவற்றுக்குப் பொருந்தாது. கிரில் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் அட்டையை எடுத்துப் படியுங்கள். துளை போட்ட பாகத்துக்குப் பொதுவாக உத்தரவாதம் செல்லாது.

எங்கே போடுவது

மூடித் தெர்மாமீட்டர் காட்டுவது மூடிக்கு அடியில் தேங்கும் சூட்டை. இறைச்சி இருப்பதோ கம்பித்தட்டின் மேல். இரண்டுக்கும் 20, 30 டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம். அதனால் மூடித் தெர்மாமீட்டரை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, உண்மையான அளவைக் கம்பித்தட்டு மட்டத்தில் வைக்கும் புரோப்பில் பார்ப்பது நல்லது. ஒரே ஒரு துளைதான் போடப்போகிறீர்கள் என்றால் அது புரோப் துளையாக இருக்கட்டும்.

புரோப் துளையைச் சட்டியில், கம்பித்தட்டுக்குச் சற்று மேலே, விளிம்புக்குக் கீழே போட வேண்டும். மூடி உட்காரும் இடத்தை மறைக்காமல் பாருங்கள். விளிம்பை ஒட்டிப் போடாதீர்கள். தகடு மடிந்திருக்கும் இடத்தில் பூச்சு ஏற்கெனவே பலவீனமாக இருக்கும். விளிம்பு, கைப்பிடி, கால் சொருகும் இடம், கம்பித்தட்டைத் தாங்கும் உள்பக்கத் துண்டுகள் என எதிலிருந்தும் 3 செ.மீ. தள்ளியே இருங்கள். கம்பித்தட்டின் மேல் அவ்வளவு இடம் இல்லையென்றால் துளையை மூடியின் கீழ்ப்பகுதிக்கு மாற்றிவிடலாம். நீங்கள் வழக்கமாகக் கரியைக் குவிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் துளை வரட்டும். துளையின் விளிம்பில் அடைப்பானாகச் சொருகும் சிலிக்கான் வளையம், அதாவது குரோமெட், 230, 250 டிகிரி வரை தாங்கும். எரியும் கரிக்குப் பக்கத்தில் அது கருகிவிடும்.

மூடியில் போடுவதானால், காற்றுத் துவாரம் இருக்கும் பக்கத்தில், பாதி உயரத்தில் போடுங்கள். கரியை ஒரு பக்கம் குவித்து, மறைமுகச் சூட்டில் சமைக்கும்போது துவாரத்தை இறைச்சிக்கு மேலே வைத்துத்தானே மூடுகிறோம், அளவும் அங்கேயே கிடைக்கும். தண்டு உள்ளே எவ்வளவு நீளும் என்று முதலில் பாருங்கள். முழுக் கோழியை நிறுத்தி வேகவைப்பவர்கள் வீட்டில் தண்டு கோழியின் முதுகில் குத்தி நிற்கும். மூடியின் உள்பக்கம் மாட்டி வைக்க ஒரு கொக்கி இருந்தால் அதுவும் வழியில் வரக் கூடாது.

சட்டியின் அடிப்பாகத்தில் எதையும் போல்ட் போட்டுப் பொருத்தாதீர்கள். அங்கே சாம்பலைத் தள்ளும் தகடுகள் சுற்றுகின்றன. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் நுனியில் அவை இடிக்கும், சாம்பல் தேங்கும், காற்று அடைபடும்.

பொருளை வாங்கிய பிறகே துளை

தெர்மாமீட்டரும் குரோமெட்டும் கைக்கு வரும் முன் துளை போட வேண்டாம். வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெட்டியில் அரை இன்ச் குழாய் மரை என்று போட்டிருந்தால், 12.7 மி.மீ. துளை போதும் என்று தோன்றும். குழாய் மரையின் கணக்கே வேறு. அதன் வெளிவிட்டம் 21.3 மி.மீ. அதே சமயம், வெறும் தண்டும் சிறு நட்டும் உள்ள தெர்மாமீட்டர்களுக்கு 10 மி.மீ.க்குள் முடிந்துவிடும். சிறிய துளையைப் பெரிதாக்கலாம், பெரியதைச் சிறிதாக்க வழியில்லை.

மற்றபடி தேவையானவை: பேட்டரியில் ஓடும் டிரில் மெஷின், ஓடு அல்லது கண்ணாடியில் துளை போடும் 3 மி.மீ. கார்பைடு பிட், 3 மி.மீ. கோபால்ட் பிட், படிப்படியாக விட்டம் கூடி உங்கள் அளவு வரை போகும் ஸ்டெப் டிரில் பிட், அகலமான மாஸ்கிங் டேப், மென்மரத் துண்டு, மணல் நிரப்பிய துணிப்பை, வெட்டும் எண்ணெய், மெல்லிய உருட்டு அரம், 240, 400 எமரி தாள்கள். கண்ணாடித் துணுக்கு கண்ணுக்குத்தான் முதலில் வரும். பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடங்காதீர்கள். பொடி மூக்கில் ஏறாமல் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டெப் பிட் விலை மலிவானதே போதும். எனாமல் எந்த எஃகு பிட்டையும் சீக்கிரம் மழுக்கிவிடும். இந்த வேலைக்கென்று ஒன்றை ஒதுக்கி, மழுங்கினால் போடும் பொருளாக நினைத்துக்கொள்வது நல்லது.

வேலைக்குத் தயார் செய்வது

கிரில் முழுக்க ஆறியிருக்க வேண்டும். துளை வரும் இடத்தை உள்ளும் புறமும் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவி, காயவிட்டு, ஸ்பிரிட்டால் துடையுங்கள். உள்பக்கம் எண்ணெய்ப் படலம் இருந்தால் டேப் ஒட்டாது. டேப் ஒட்டாவிட்டால் அது அங்கே இருந்தும் பயனில்லை.

டேப்பை இரண்டு பக்கமும், குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு அடுக்கு ஒட்டுங்கள். கையால் நன்றாகத் தேய்த்து அழுத்துங்கள். துளையின் மையத்தை வெளிப்பக்க டேப்பின் மேல் பேனாவால் குறித்து, முழு வட்டத்தையும் வரைந்துகொள்ளுங்கள்.

சென்டர் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டும் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். வெறும் இரும்பில் அது சரி. இங்கே ஒரே தட்டில் நட்சத்திரம் போல விரிசல் ஓடும். டிரில் மெஷினில் சுத்தியல் அடையாளம் போட்ட அமைப்பு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

மூடியைக் கவிழ்த்து, அதாவது சமைக்கும்போது இருக்கும் அதே நிலையில், மேசைமேல் மடித்த போர்வையில் வையுங்கள். உள்ளே மணல் பையைத் திணித்து, அதன்மேல் மரத்துண்டு துளை வரும் இடத்தில் தகட்டோடு அழுந்தி நிற்கும்படி செய்யுங்கள். தகடு வளைந்திருப்பதால் தட்டையான மரம் முழுக்கப் படியாது; மரத்தின் முகத்தை அரத்தால் கொஞ்சம் வளைவாகத் தேய்த்துக்கொண்டால் நன்றாகப் படியும். பிட் வெளியேறும் பக்கத்தைத் தாங்கப்போவது இந்த மரம்தான். பத்து நிமிடம் கூடப் பிடித்தாலும் இதைப் பொறுமையாகச் செய்யுங்கள். சட்டிக்கும் இதே முறைதான். கால்களைக் கழற்றி, பக்கவாட்டில் படுக்க வைத்தால் வேலை எளிது.

கண்ணாடியை வெட்டுவது

கார்பைடு பிட்டை மாட்டி, குறித்த மையத்தில் வைத்து, மிக மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். பிட் வழுக்கி ஓடப் பார்க்கும்; டேப் அடுக்கு அதைப் பிடித்துக்கொள்ளும். டிரில்லின் எடையே போதும், மேலே சாய்ந்து அழுத்தாதீர்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் பொடி பறக்காது, சூடும் ஏறாது.

இந்த இடத்தில் பார்வையும் காதும் இரண்டும் வேண்டும். முதலில் வரும் பொடி கறுப்பாக, மாவு போல நைஸாக இருக்கும். சத்தம் கரகரவென்று, ஸ்லேட்டில் கல்லால் கீறுவது மாதிரி கேட்கும். கொஞ்ச நேரத்தில் அந்தக் கரகரப்பு அடங்கி, சத்தம் வழவழவென்று மாறும். பொடிக்குப் பதில் வெள்ளி நிறத்தில் மினுக்கும் துகள் எட்டிப்பார்க்கும். அதுதான் எஃகு. அங்கேயே நிறுத்துங்கள். கார்பைடு பிட்டின் வேலை முடிந்தது.

தண்ணீரைத் துடைத்துவிட்டு கோபால்ட் பிட்டுக்கு மாறுங்கள். ஒரு சொட்டு வெட்டும் எண்ணெய், மெதுவான வேகம், இப்போது கொஞ்சம் உறுதியான அழுத்தம். தகடு மெல்லியது, சில விநாடிகளில் ஊடுருவிவிடும். பிட் வெளியே வரப்போகும் நேரத்தில் அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள். அந்த நொடியில் அழுத்தினால் தகடு புடைத்து உள்பக்கப் பூச்சு காசு அளவுக்குப் பெயரும்.

இப்போது 3 மி.மீ. வழித்துளை கிடைத்துவிட்டது. 10 மி.மீ. வரை போதுமென்றால் நேராக ஸ்டெப் பிட்டுக்குப் போகலாம். 20 மி.மீ.க்கு மேல் வேண்டுமென்றால் இடையில் ஒரு வேலை செய்வது நல்லது: அதே விட்டமுள்ள வைரத்தூள் வட்டப் பிட்டால், இரண்டு பக்கமும் எஃகு தெரியும்வரை கண்ணாடியில் மட்டும் வளையமாகக் கீறிவிடுங்கள். வட்டப் பிட் வழுக்காமல் இருக்க, அதே அளவு துளை போட்ட ஒட்டுப்பலகையை டேப்பால் ஒட்டி அதற்குள் ஓட்டலாம். அப்புறம் உள்ளே பூச்சு எப்படி உதிர்ந்தாலும் அந்தக் கீறலோடு நின்றுவிடும், வெளியே பரவாது. கூடுதல் செலவு, கூடுதல் நேரம், ஆனால் பெரிய துளைகளில் இதை விடச் சுத்தமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்டெப் பிட்

உங்களுக்கு வேண்டிய அளவுள்ள படியைக் கண்டுபிடித்து, அதற்கு அடுத்த படியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். வேகத்தில் ஒரு படி தாண்டிவிட்டால் திரும்ப வழியில்லை. எண்ணெய் விட்டு, மெதுவாக, ஒவ்வொரு படியிலும் நின்று இறங்குங்கள். ஒரு படி முடிந்து அடுத்த படியின் விளிம்பு கண்ணாடியைத் தொடும் கணம்தான் சில்லு தெறிக்கும் கணம். அங்கே அழுத்தம் பூச்சியமாக இருக்கட்டும், பிட் தானாகத் தேய்த்துக்கொண்டு போகட்டும். புகை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். பாதி அளவு வந்ததும் திருப்பிப் போட்டு, மரத்தை மறுபக்கம் மாற்றி, உள்பக்கத்திலிருந்தும் அதே அளவு தொடர்வது இரண்டு முகத்தையும் காப்பாற்றும்.

விளிம்பைச் சீர் செய்வது

டேப்பை உரிக்கும்போது துளையை நோக்கி உரியுங்கள். அரம் போடுவதிலும் திசைதான் முக்கியம்: கண்ணாடியிலிருந்து இரும்பை நோக்கி, அதாவது முகத்திலிருந்து துளையின் உள்ளே தள்ளும் விதமாக மட்டும் தேயுங்கள். திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். உள்ளிருந்து வெளியே இழுத்தால் அரம் பூச்சைத் தூக்கிப் பெயர்க்கும். இரண்டு பக்கமும் இப்படி முடித்து, 240 எமரியும் பிறகு 400 எமரியும் சுருட்டித் தேய்த்தால் விரல் வழுக்கும் விளிம்பு கிடைக்கும்.

ஓரத்தில் சின்னச் சில்லுகள் போயிருந்தால் கவலைப்பட வேண்டாம், பெரும்பாலும் வாஷர் மறைத்துவிடும். ஆடிக்கொண்டிருக்கும் துணுக்கு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. புது டேப் துண்டை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று உரித்தால், வர வேண்டியது அதோடு வந்துவிடும். குளியல் தொட்டி எனாமலுக்கு விற்கும் எபாக்சி பசையை வைத்து அடைக்க வேண்டாம், கரிச் சூட்டுக்கும் சாப்பாட்டுக்கும் அது ஆகாது.

பிறகு கழுவுவது. காந்தம் இரும்புத் துகளை மட்டும்தான் எடுக்கும், கண்ணாடித் துணுக்கு அதில் ஒட்டாது. அதனால் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவி, ஈரத்துணியால் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மினுக்கம் தெரிந்தால் இன்னொரு முறை. சாப்பாடு வேகும் இடம், இதில் அவசரம் வேண்டாம்.

வெட்டுப்பட்ட எஃகு விளிம்பு இப்போது பாதுகாப்பில்லாமல் இருக்கிறது, விட்டால் துருப்பிடிக்கும். 600 டிகிரி தாங்கும் அடுப்பு பெயின்ட்டை மெல்லிய தூரிகையால் துளையின் விளிம்புக்கு மட்டும், வெளிப்பக்கமாகத் தொட்டுவிடுங்கள். டப்பாவில் சொன்னபடி காயவிட்டு, உணவு வைக்காமல் ஒருமுறை கரி மூட்டிச் சூடேற்ற வேண்டும். பெயின்ட் பிடிக்காதவர்கள் சமையல் எண்ணெயை மெல்லியதாகத் தடவிச் சூடேற்றலாம். தோசைக்கல் பழக்குவது போல, ஒவ்வொரு முறையும் தடவ வேண்டியிருக்கும்.

பொருத்துவது

வளைந்த தகட்டில் தட்டை வாஷரை வைத்து இறுக்கினால், அது இரண்டே இடத்தில் தொட்டு அங்கே மொத்த அழுத்தத்தையும் கொடுக்கும். துளையை அருமையாகப் போட்டுவிட்டு இந்த இடத்தில் விரிசல் விடவைப்பவர்கள் உண்டு. எஃகு வாஷருக்கும் எனாமலுக்கும் நடுவில் மென்மையான ஒன்று வேண்டும்: செம்பு வாஷர், அடுப்புக் கதவுக்கு வைக்கும் கண்ணாடியிழை நாடா, அல்லது சூடு குறைந்த இடமானால் சிலிக்கான் வாஷர். உள்ளும் புறமும் இரண்டு பக்கமும் வையுங்கள்.

போல்ட், நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய மலிவு போல்ட் சமைக்கும் சூட்டுக்குள் வேண்டாம். அந்தப் பூச்சு நீடித்த சூட்டைத் தாங்காது. கழலாமல் இருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டையும் தவிர்த்துவிடுங்கள், நைலான் உருகிவிடும். இரண்டு நட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிரே இறுக்கினால் அது கழலாது. விரலால் முடிந்தவரை இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று, அவ்வளவுதான்.

கீல் அல்லது தட்டு போன்ற எடை தாங்கும் பொருளுக்கு ஒற்றைப் போல்ட் போதாது. உள்பக்கம் வளைவுக்கு ஏற்றபடி வளைத்த ஸ்டெயின்லெஸ் பட்டை ஒன்றை வைத்து, இரண்டு போல்ட்டும் அதன் வழியாகப் போகும்படி செய்தால் சுமை பரவும்.

முதல் நெருப்பு

திறந்த வெளியில் கரியை மூட்டி, மூடியைப் போட்டு, புதுத் துளையைச் சுற்றிப் புகை கசிகிறதா என்று பாருங்கள். கரி அடுப்பில் சூட்டைக் கட்டுப்படுத்துவது காற்றுதான். நீங்கள் அறியாத ஒரு துளை வழியாகக் காற்று போனால், 110 டிகிரியில் நிறுத்த நினைத்த அடுப்பு ஏறிக்கொண்டே போகும். கசிந்தால் வாஷரை மாற்றுங்கள், நட்டை இன்னும் இறுக்கி அடைக்கப் பார்க்காதீர்கள். புரோப் போடாத நாட்களில் குரோமெட் துளைக்குள் அதன் மூடியையோ ஸ்டெயின்லெஸ் போல்ட் ஒன்றையோ சொருகி வையுங்கள்.

தெர்மாமீட்டரைப் பொருத்தும் முன்பே கொதிக்கும் தண்ணீரில் ஒருமுறை சோதியுங்கள். கடல் மட்டத்தில் 100 டிகிரி காட்ட வேண்டும். டென்வர் மாதிரி 1,600 மீட்டர் உயரத்து ஊரில் 95 பக்கம் காட்டினால் அதுவே சரி. பின்பக்கம் திருகும் நட்டு இருந்தால் அங்கேயே முள்ளைச் சரி செய்துவிடலாம்.

சில சமையலுக்குப் பிறகு, கிரில் ஆறிய நிலையில், நட்டுகளை விரலால் ஆட்டிப் பாருங்கள். செம்பும் நாடாவும் சூட்டில் அமுங்கிப் படிந்திருக்கும். தளர்ந்திருந்தால் மீண்டும் கால் சுற்று.